அரைப்பேர் அசதி: காய்ச்சல் விட்ட பின் உடலிலும் மனத்திலும் நடப்பவை

வைரசுக் காய்ச்சல் ஒன்று நீங்கிவிட்டதா என்பதைத் தீர்மானிக்க, வைத்தியசாலைகள் பெரும்பாலும் உடல் வெப்பநிலை, குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை, மூச்சுவிடும் வேகம் ஆகியவற்றையே பார்க்கின்றன. அவை சீரானதும் நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். கையில் கிடைக்கும் துண்டில் இன்ன திகதி முதல் வேலைக்குப் போகலாம் என்று எழுதியிருக்கும். அந்தத் திகதி கடந்தும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், நாலு படி ஏறினாலே நெஞ்சு படபடப்பதும், தூங்கி எழுந்தும் அசதி தீராதிருப்பதும், பேச்சின் நடுவே சொல்ல வந்தது மறந்துபோவதும், காரணமின்றிக் கண்ணீர் முட்டுவதும், முன்பு இல்லாத சீனி குருதியில் ஏறுவதும் எந்தத் துண்டிலும் எழுதப்படுவதில்லை. உணவைச் சக்தியாக மாற்றுதல், சேமித்தல், செலவிடுதல் என உடல் இடையறாது செய்துவரும் இரசாயன வேலைகள் அனைத்துக்கும் அனுசேபம் என்று பெயர். காய்ச்சலுக்குப் பின் அனுசேபம் குலைவதை ஒரு மருத்துவப் பிரிவும் மனநிலை குலைவதை இன்னொரு பிரிவும் தனித்தனியே விசாரித்தாலும், உடலுக்குள் அவை இரண்டும் ஒரே நிகழ்வின் இரு விளைவுகள் என்பதையே அண்மைய ஆய்வுகள் மேலும் மேலும் காட்டிவருகின்றன. பறித்த கொழுந்தின் நிறையே நாட்கூலியைத் தீர்மானிக்கும் இலங்கையின் தேயிலை மலையகத்தில், இது மருத்துவத்தோடு மட்டும் நின்றுவிடும் விவகாரம் அன்று.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடத்தருகே, 1969இல் இயங்கத் தொடங்கிய சமனல நீர்மின் நிலையத்தால் பெயர் அறியப்பட்ட பொல்பிட்டிய, நுவரெலியா மாவட்டத்தின் தாழ்ந்த மேற்கு விளிம்பில் இருக்கிறது. மழைக்குக் குறைவில்லாத, வெப்பமும் ஈரமும் சேர்ந்த இந்தப் பள்ளத்தாக்கில் தேயிலையோடு இறப்பரும் வளர்கிறது. பால் வடிக்கக் கட்டி, பின் கவிழ்க்கப்படாமல் விடப்படும் சிரட்டைகளிலும், அடைபட்ட கூரைப் பீலிகளிலும் டெங்கையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஈடிசு நுளம்பு முட்டையிடுகிறது. கினிகத்தேனை, வட்டவளை வழியாக ஹட்டனை நோக்கி ஏறும்போது குளிர் கூடுவதால் நுளம்பின் ஆதிக்கம் குறைகிறது. ஆனால் ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் அடுப்புப் புகையோடு வாழ நேரும் வரிசை வீடுகளான லயங்களில் இன்ஃபுளுவென்சா போன்ற மூச்சுத்தொகுதி வைரசுகள் சுலபமாகத் தொற்றுகின்றன. ஒரே வீதியில் ஒன்றிரண்டு மணிநேரப் பேருந்துப் பயணத்துக்குள் காய்ச்சலின் வகை மாறுகிறது, அது விட்டுச்செல்லும் அசதியோ பெரிதாக மாறுவதில்லை.

இத்தகைய காய்ச்சல்கள் நாட்டுக்குப் புதியவை அல்ல. 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா பெருந்தொற்று தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் பரவிய சிக்குன்குனியா, காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிய பின்னும் மூட்டுகளைப் பல மாதங்கள் முடக்கிப்போட்டது. அதே வைரசு 2025இல் மீண்டும் தலைகாட்டியது. 2017இல் மட்டும் 1,86,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் நாட்டில் பதிவாகினர். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை, பேலியகொடை தொற்றுக் கொத்தணிகளுக்குப் பின், கொழும்புக் கடைகளில் வேலை பார்த்த இளைஞர்கள் தீபாவளிக்கு ஊர் திரும்பிய காலத்தில் கொவிட்-19 தோட்டங்களுக்குள் வந்தது. நாட்டில் உறுதிசெய்யப்பட்ட தொற்றாளர் தொகை பின்னர் 6,70,000ஐத் தாண்டியது. இந்த எண்கள் அனைத்தும் நோய் வந்தவர்களை எண்ணியவை. பிழைத்தவர்களில் எத்தனை பேர் பழைய உடம்போடு எழுந்தார்கள் என்பதற்கு இப்படியொரு கணக்கு நம்மிடம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் கொவிட்டுக்குப் பிந்திய நிலைக்கு ஒரு வரையறையை வகுத்தது. தொற்று ஏற்பட்டு வழக்கமாக மூன்று மாதங்களுக்குள் தென்படுகின்ற, குறைந்தது இரண்டு மாதங்கள் நீடிக்கின்ற, வேறொரு நோயால் விளக்க முடியாத அறிகுறிகளே அந்நிலை எனப்பட்டது. வரையறை புதிது என்றாலும் கவனிப்பு பழையது. 1889 முதல் பல அலைகளாக உலகைச் சுற்றிய இன்ஃபுளுவென்சாவுக்குப் பின் வந்த மனச்சோர்வையும் நரம்புத் தளர்ச்சியையும் ஐரோப்பிய மருத்துவர்கள் அப்போதே எழுதிவைத்தனர். 1955இல் இலண்டன் ரோயல் பிரீ வைத்தியசாலையின் ஊழியர்கள் ஏராளமானோர் ஒரே காலத்தில் நோயுற்று, சிலர் நெடுநாள் மீளாது போனபோது, அதற்கு உடற்காரணம் தேடியவர்களும் உண்டு. பின்னாளில் அதைக் கூட்டு மனப்பிரமை என்று தள்ளிவிட்டவர்களும் உண்டு. நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்களாக இருந்தது அந்தத் தீர்ப்புக்குச் சாதகமாகப் பயன்பட்டது என்பது மருத்துவ வரலாற்றின் அழகற்ற பக்கம்.

அந்தத் தீர்ப்பை அசைத்த ஆய்வுகளில் ஒன்று அவுஸ்திரேலியாவின் டப்போ என்ற நாட்டுப்புற நகரில் நடந்தது. மூன்று வெவ்வேறு தொற்றுகளுக்கு ஆளான 253 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியான அந்த ஆய்வு, ஆறு மாதங்களின் பின்னும் 12 வீதமானோர் முடக்கும் அசதி, தசை மூட்டு வலி, நினைவுத் தடுமாற்றம், மனநிலைக் குலைவு ஆகியவற்றோடு இருந்ததைக் கண்டது. தொற்றுகளில் இரண்டு வைரசால் வருபவை, ஒன்று பற்றீரியாவால் வருவது. கிருமி எதுவானாலும் பின்விளைவு ஒரே சாயலில் இருந்தது. அதைவிட முக்கியமாக, யார் மீளவில்லை என்பதை வயதோ, பாலினமோ, முன்பிருந்த மனநிலையோ தீர்மானிக்கவில்லை. ஆரம்பக் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது. மன உறுதி இல்லாதவர்கள்தான் படுத்துக்கிடக்கிறார்கள் என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்புத் தேவையில்லை.

மனம் வாடுவது எப்படி உடலின் வேலை ஆகிறது?

வைரசு நுழைந்ததும் உடலின் கலங்கள் இன்டர்பெரோன் என்ற புரதங்களைச் சுரந்து அபாய அறிவிப்புச் செய்கின்றன. வைரசு பெருகுவதைத் தடுக்கும் இந்தப் புரதங்களே மூளைக்குப் படுத்துக்கொள், உண்ணாதே, பேசாதே என்ற கட்டளையையும் அனுப்புகின்றன. காய்ச்சல்காரர் சுவரைப் பார்த்து முடங்கிக் கிடப்பது சக்தியைப் போருக்கு மிச்சப்படுத்துவதற்காக உடல் செய்யும் ஏற்பாடு. இதற்கான சான்று எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோய்க்குப் பல ஆண்டுகள் இன்டர்பெரோன் ஊசியே சிகிச்சையாக இருந்தது. அதைப் பெற்றவர்களில் கணிசமானோர், அதற்கு முன் மனநோய் ஏதும் இல்லாதவர்கள் உட்பட, சில வாரங்களில் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளாகினர், அதனால் ஊசி தொடங்கும்போதே மனநிலையையும் கவனிக்கவேண்டும் என்பது வழக்கமானது. துக்க நிகழ்வு எதுவும் இல்லாமல், ஒரு புரதத்தை ஏற்றியதனாலேயே மனிதரின் மனம் இருண்டது.

காய்ச்சல் தணிந்த பின் அணைய வேண்டிய இந்த அபாய அறிவிப்புச் சிலரிடம் அணையாமல் மங்கலாக எரிந்துகொண்டிருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட முடிவுகள் அதன் ஒரு பாதையைக் காட்டின. மனநிலை, தூக்கம், குடலின் அசைவு ஆகியவற்றோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற பொருளை உடல் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஆக்குகிறது. முட்டை, மீன், பருப்பு முதலியவற்றின் புரதத்தில் அது கிடைக்கிறது. குடலில் வைரசின் எச்சம் தங்கி இன்டர்பெரோன் தொடர்ந்து சுரக்கும்போது குடல் டிரிப்டோபனை உறிஞ்சுவது குறைந்து, குருதியில் செரட்டோனின் அளவும் வீழ்கிறது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகசு நரம்பின் வேலை அதனால் மந்தமாகி நினைவாற்றலும் தடுமாறுகிறது. இதில் அனுசேபம் எங்கே முடிகிறது, மனநிலை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க இடமில்லை. இந்தப் பாதை எல்லா வைரசுக்கும் எல்லா நோயாளிக்கும் பொருந்தும் என்று இன்னும் நிறுவப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தசையில் நடப்பது வேறு. கலங்களுக்குள் குளுக்கோசையும் கொழுப்பையும் ஒட்சிசனோடு சேர்த்துச் சக்தியாக்கும் நுண்ணுறுப்புகள் இழைமணிகள் எனப்படுகின்றன. நீர்த்தேக்கம் தளும்பி நின்றாலும் பொல்பிட்டியவின் சுழலிகள் சுற்றாவிட்டால் மின்சாரம் வராததைப் போல, சோறும் ரொட்டியும் உண்டும் இழைமணி மந்தித்தவருக்கு வலு வருவதில்லை. அம்ஸ்டர்டாமில் நீண்டகாலக் கொவிட்டுக்கு ஆளான 25 பேரையும் முழுதாக மீண்ட 21 பேரையும் மிதிவண்டி மிதிக்க வைத்து, அதற்கு முன்னும் பின்னும் தொடைத் தசையிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்த ஆய்வு 2024இல் வெளியானது. நோயாளிகளின் தசையில் இழைமணிகளின் திறன் குறைந்திருந்ததோடு, உழைப்புக்குப் பின் அது மேலும் சரிந்து, தசைநார்கள் சேதமடைந்திருந்ததும் தெரிந்தது. உழைத்து உழைத்துப் பழகினால் சரியாகிவிடும் என்ற அறிவுரை இந்த நோயாளிகளிடம் ஏன் தோற்கிறது என்பதற்கு இதிலே விடை இருக்கிறது. பிரித்தானியாவின் தேசிய சிகிச்சை வழிகாட்டி நிறுவனமும், நாட்பட்ட அசதி நோய்க்கு உடற்பயிற்சியைக் குறித்த அளவில் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையை அளிக்க வேண்டாம் என்று 2021 ஒக்டோபரில் அறிவித்தது.

சீனி வருத்தத்தின் கதையும் இங்கேதான் பிணைகிறது. உணவின் பின் குருதிக்கு வரும் குளுக்கோசில் பெரும்பங்கை உள்ளிழுப்பது தசை. இரண்டு வாரம் படுக்கையில் கிடந்து தசை கரைந்தவருக்கு அந்தக் குளுக்கோசு போக இடமின்றிக் குருதியிலேயே தங்குகிறது. நீடிக்கும் அழற்சி இன்சுலினின் வேலைக்குத் தடை போடுகிறது, கடும் கொவிட்டுக்குக் கொடுக்கப்பட்ட ஸ்டீரொயிட்டு மருந்தும் சீனியை உயர்த்தும். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவப் பதிவுகளில் 1,81,000 பேரைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வு, கொவிட் வந்தவர்களுக்கு அடுத்த ஓராண்டில் புதிதாக நீரிழிவு கண்டறியப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 40 வீதம் கூடுதல் என்றது; ஆயிரம் பேருக்கு மேலதிகமாகச் சுமார் 13 பேர் என்ற கணக்கு அது. அந்தப் படைவீரர்களில் பெரும்பாலோர் முதிய வெள்ளை ஆண்கள் ஆதலால் எண்ணை அப்படியே கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பொருத்துவது சரியல்ல. ஆனால் காய்ச்சலில் மெலிந்தவருக்குத் தெம்பூட்டவென்று சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணியும் மோல்ட் கரைசலும் நாளைக்கு ஐந்தாறு தடவை கொடுக்கும் நம் வீட்டு வழக்கம், இந்தப் பின்னணியில் மறுபரிசீலனைக்கு உரியது.

இதே மேடையில் அடிக்கடி மறக்கப்படும் பாத்திரம் கழுத்தின் முன்புறத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி. வைரசுத் தொற்றுக்குச் சில வாரங்களின் பின் அச்சுரப்பி வீங்கி நோவெடுப்பதுண்டு. முதலில் ஓமோன் அளவுக்கு மீறிக் கசிந்து படபடப்பும் கைநடுக்கமும் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும், பிறகு இருப்புத் தீர்ந்து குளிர் தாங்காமை, உடல் கனத்தல், மந்தம், மனச்சோர்வு என நிலை தலைகீழாக மாறும். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் தானாகவே சீராகும் இந்நோய், குருதிப் பரிசோதனை செய்யாத வரை முதல் கட்டத்தில் பயம் என்றும் இரண்டாம் கட்டத்தில் சோம்பல் என்றும் பெயர் வாங்கிக்கொள்ளும்.

பெரட்டுக் களத்தில் ஒரு நோய்

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நின்று, மலை பிரித்துக் கொடுத்த பின் சரிவில் ஏறி, முதுகில் கனக்கும் கொழுந்தோடு வழுக்கும் மண்ணில் கால் ஊன்றி இறங்கி நிறுவைக்கு வரும் வேலை, நாள் முழுதும் தொடையையும் இதயத்தையும் விடாமல் கேட்கும் வேலை. தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும் 18 கிலோ, 20 கிலோ என்று ஓர் அளவு விதிக்கப்பட்டிருக்கிறது; அதை எட்டினால் முழுநாட் கூலிக்குரிய பேர், எட்டாவிட்டால் பாதிக் கூலிக்குரிய அரைப்பேர். காய்ச்சல் விட்டு வந்தவர் முதல் நாள் எப்படியோ தம் கட்டிப் பேர் போட்டுவிடுகிறார், இரண்டாம் நாளும் சமாளிக்கிறார். விளைவு அன்றே தெரிவதில்லை என்பதுதான் இந்நோயின் வஞ்சகம்: உழைத்த மறுநாளோ அதற்கும் மறுநாளோ உடல் அடித்துப் போட்டதுபோல் விழுகிறது, தூக்கம் கெடுகிறது, தலை கனக்கிறது, பிள்ளைகளிடம் எரிந்து விழத் தோன்றுகிறது. உழைப்புக்குப் பிந்திய பின்னடைவு என்று மருத்துவம் குறிப்பிடும் இந்நிலையே வைரசுக்குப் பிந்திய அசதியைச் சாதாரணக் களைப்பிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். சாதாரணக் களைப்பு ஓர் இரவுத் தூக்கத்தில் தீரும்.

தோட்ட அலுவலகத்தின் வருகைப் பதிவேடான செக்ரோலில் இது வேறு உருவத்தில் பதிகிறது. இரண்டு முழுப்பேர், பிறகு ஓர் அரைப்பேர், பிறகு இரண்டு நாள் வரவில்லை, மீண்டும் ஒரு முழுப்பேர் என்று ஏறி இறங்கும் அந்த வரிசையைக் கணக்கப்பிள்ளை ஒழுங்கீனம் என்று படிப்பார். விடயம் தெரிந்த வைத்தியரோ அதை நோய்க்குறிப்பாகப் படிப்பார். ஒவ்வொரு தொழிலாளியின் உடல் திறனும் நாள்தோறும் கிலோவில் அளந்து எழுதப்படும் இடம் உலகில் அதிகமில்லை. காய்ச்சலுக்கு முந்திய மூன்று மாதங்களின் நிறையையும் பிந்திய மூன்று மாதங்களின் நிறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் ஆய்வாளர் முன்வந்தால், கூலி பிடிப்பதற்காகவே வைக்கப்பட்ட ஏடு இந்நோய்க்கான சிறந்த ஆவணங்களுள் ஒன்றாகிவிடும்.

நாட்கூலி 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் 1,000 ரூபாயாக்கப்பட்டது. பின் 1,350 ஆகி, 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் 1,550 ரூபாயாகவும், அதற்கு மேல் அரசு தரும் 200 ரூபாய் வருகை ஊக்கத்தொகையோடும் முன்மொழியப்பட்டது. உயர்வு வரவேற்கத்தக்கது, அதற்காகப் பட்ட பாட்டையும் குறைத்துச் சொல்ல முடியாது. எனினும் வருகையோடு கட்டப்படும் எந்தப் பணமும், ஓய்வெடுக்க வேண்டிய நோயாளிக்கு ஓய்வின் விலையை இன்னும் கூட்டிவிடுகிறது என்ற உண்மை பேச்சுவார்த்தை மேசையில் எவராவது எடுத்து வைக்க வேண்டியது. முதல் வாரங்களில் அளந்து உழைத்திருந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் மீண்டிருக்கக்கூடியவர், அரைப்பேருக்கு அஞ்சித் தம் கட்டி உழைத்து ஆறு மாதம் படுத்தால் நட்டம் அவருக்கு மட்டுமன்று, தோட்டத்துக்கும்தான்.

மனத்தின் பங்கு இந்தச் சூழலில் இன்னும் சிக்கலாகிறது. கொவிட்டுக்குப் பிந்திய ஆறு மாதங்களில் மூன்றில் ஒருவருக்கு நரம்பு அல்லது மனம் சார்ந்த நோயொன்று பதிவானதாக, 2,36,000 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு கூறியது. அவற்றுள் பதகளிப்பே முன்னின்றது. லயத்தில் இப்படியொருவர் பேச்சு குறைந்து, கோயிலுக்கும் போகாமல், சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு இருந்தால், கண்ணூறு கழிப்பதும் நூல் கட்டுவதும் முதலில் நடக்கும். அவற்றால் தீங்கில்லை, அவற்றோடு நின்றுவிடுவதில்தான் தீங்கு. கடனும், கூரை ஒழுக்கும், குடிகாரக் கணவனும் மனச்சோர்வுக்குக் காரணமாவது உண்மையே. ஆயினும் காய்ச்சலுக்கு முன்பும் அவை இருந்தன, அப்போது அந்தப் பெண் சிரித்துக்கொண்டு மலைக்குப் போனாள் என்றால், இடையில் என்ன மாறியது என்று கேட்பதே முறை.

அசதி என்று வரும் எல்லாரையும் வைரசுக் கணக்கில் எழுதிவிடுவதும் தவறு. மலையகப் பெண்களிடையே இரும்புச்சத்துக் குறைவால் வரும் குருதிச்சோகை நெடுங்காலப் பிரச்சினை. உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீரின் தனின் என்ற பொருள் உணவிலுள்ள இரும்பு குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதால், ரொட்டியையும் சாயத்தண்ணியையும் ஒரு மணி நேரமாவது பிரித்து வைப்பது நல்லது. காசநோய், எலிக்காய்ச்சல், சிறுநீரக நோய் எனப் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. தோட்ட மருந்தகத்திலிருந்து கினிகத்தேனை பிரதேச வைத்தியசாலைக்கோ டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ போவதென்றால் ஒரு நாள் கூலி போகும். ஆகவே குருதிச்சோகை, வெறுவயிற்றுச் சீனி, தைரொயிட்டு ஆகிய மூன்று பரிசோதனைகளுக்கான குருதியைத் தோட்டத்திலேயே ஒரே நாளில் எடுத்து அனுப்பும் ஏற்பாட்டை, காய்ச்சலுக்கு ஆறு வாரத்தின் பின் ஒரு தடவையும் மூன்று மாதத்தின் பின் ஒரு தடவையும் செய்வது சுகாதார அமைச்சுக்கும் தோட்டக் கம்பனிகளுக்கும் பெரிய செலவாகாது. அதே வேளையில் தூக்கம் எப்படி, எதிலாவது மனம் ஒட்டுகிறதா என்ற இரண்டு கேள்விகளைத் தோட்ட வைத்திய உதவியாளர் கேட்டுவிட்டால், மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டியவர் யார் என்பது பெருமளவு தெரிந்துவிடும்.

இந்த அசதிக்கென்று நிரூபிக்கப்பட்ட தனி மருந்து இன்றுவரை இல்லை. சத்து ஊசி என்றும் சேலைன் என்றும் காசைக் கரைப்பதில் பயனுமில்லை. முட்டை, பருப்பு, நெத்தலிக் கருவாடு போன்ற புரத உணவு, குறித்த நேரத்துத் தூக்கம், உடம்பு விழும் எல்லைக்கு முன்னரே வேலையை நிறுத்தும் பழக்கம் ஆகியவையே இப்போதைக்குக் கைகண்டவை. கடைசியாகச் சொன்னதைத் தொழிலாளி தனியாகச் செய்ய முடியாது. காய்ச்சலால் வைத்தியசாலையில் இருந்து திரும்புவோருக்கு முதல் ஆறு வாரம் நிறை அளவு பாராமல் பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பிடம்), தவறணை (நாற்றுமேடை) போன்ற இடங்களில் இலகு வேலை கொடுத்து முழுப்பேர் போடவேண்டும் என்பதை, அடுத்த சம்பளப் பேச்சில் தொழிற்சங்கங்கள் ஒரு கோரிக்கையாக எழுதிக்கொள்ளட்டும். வாசகர் வீட்டில் காய்ச்சல் விட்டு ஒரு மாதம் கழிந்தும் எழ முடியாதவர், அல்லது வாழ்வதில் விருப்பமில்லை என்று பேசுபவர் இருந்தால் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி இலக்கம் 1926.